மூன்றாவது நாற்காலி

ஆராய்ச்சி மாணவி பூமயிலின் கட்டுரைக்கு ரெஃபரன்ஸ் பட்டியலை எழுத்து வரிசைப்படி அடுக்கச் சொல்லி நான் பொத்தானைத் தட்டிய கொஞ்ச நேரத்தில், அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் பல்கலைக்கழக வாசல் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒருவர் பின் ஒருவராகச் சாலையைக் கடந்து, என் கடைக்கு வந்து உட்கார இடம் கேட்டார்கள். திங்கட்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். உயிரோடு இருக்கிறவர்களும் வந்தார்கள், செத்து எத்தனையோ வருஷம் ஆனவர்களும் வந்தார்கள், தூர தேசத்துப் பேராசிரியை ஒருத்தி சாலையின் சூட்டைப் பார்க்க ஆசைப்பட்டவள் மாதிரி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்து டீக்கடை சுல்தான் பாய் எட்டிப் பார்த்து, "மேரிம்மா, எத்தனை டீ?" என்று கேட்டார். நாற்பது என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை; வந்தவர்களை வெயிலில் நிறுத்திவைத்துக் காரணம் விசாரிக்கிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை.

நான் சகாயமேரி. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே பதினெட்டு வருஷமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். இந்தத் தெருவில் ஜெராக்ஸ், பைண்டிங், பேக்கரி, டீக்கடை என்று எது இருந்தாலும் அது எதிர்வாசலை நம்பித்தான் இருக்கிறது; வாசல் இரண்டு நாள் பூட்டிக் கிடந்தால் எங்கள் அடுப்பும் இரண்டு நாள் பூட்டிக் கிடக்கும். ஆராய்ச்சி மாணவர்கள் பென்டிரைவை நீட்டி, "எல்லாம் முடிஞ்சதுக்கா, ரெஃபரன்ஸ் மட்டும் பாத்துக் குடுங்க" என்பார்கள், ஏதோ குழம்பு கொதித்துவிட்டது, உப்பு மட்டும் போட வேண்டியதுதான் என்கிற மாதிரி. அந்த உப்பைப் போடுவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். ஒரு ஆய்விதழுக்கு வருஷம் அடைப்புக்குறிக்குள் வர வேண்டும், இன்னொன்றுக்கு வருஷம் கடைசியில் வர வேண்டும், ஒன்றுக்கு இதழின் பெயர் சாய்ந்திருக்க வேண்டும், இன்னொன்றுக்கு எல்லாம் நிமிர்ந்திருக்க வேண்டும், ஒரு முற்றுப்புள்ளி கூடிப்போனால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. இத்தனையும் நான் பள்ளிக்கூடப் படிப்பை வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டதுதான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வந்தவர்களுக்கு வாடகை நாற்காலி வரவழைத்து, கடை வாசலிலிருந்து பைண்டிங் கடை வரைக்கும் நாற்பத்தொரு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. புத்தகத்துக்குப் புத்தகம் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிட்ட இரண்டு பொருளாதார நிபுணர்கள், எழுத்து வரிசை கொண்டுவந்து சேர்த்த பாவத்துக்கு, ஒன்பதிலும் பத்திலும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். இருபத்திரண்டாம் நாற்காலிக்காரர் உட்காரமாட்டாமல் நெளிந்துகொண்டே இருந்தார்; பார்த்தால் அவருடைய கட்டுரையின் பக்க எண்ணை நான் மாற்றிப் போட்டிருந்தேன், திருத்தியதும் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று பேருக்கு மேல் சேர்ந்து எழுதியிருந்தால் முதல் பெயரைப் போட்டுவிட்டு மற்றவர்களை 'மற்றும் பலர்' என்று சுருக்க வேண்டும் என்பது அந்த ஆய்விதழின் சட்டம், அந்தப் பலரும் வந்திருந்தார்கள், இருபது முப்பது பேர் இருக்கும், அவர்களுக்கு நாற்காலி போட்டாலும் உட்கார முடியவில்லை, வரிசைக்குப் பின்னால் நின்றார்கள், டீ கொடுத்தாலும் வாங்கவில்லை. மத்தியானம் அவர்களுக்காக ஒரு சாமியானா கட்டினோம்.

பதினாறாவது வரியில் இருந்தது ஒரு வெள்ளைக்கார வன அதிகாரியின் பெயர், நூறு வருஷத்துக்கு முந்திய அறிக்கை. வந்து உட்கார்ந்ததோ தலைப்பாகை கட்டிய ஒரு குமாஸ்தா. நீங்கள் இல்லையே, துரையல்லவா வர வேண்டும் என்று சுல்தான் பாய் கேட்டதற்கு, "காடு காடா நடந்து மரத்த எண்ணினவன் நான், எழுதினவன் நான், துரை ஒப்பம் மட்டுந்தான் வச்சாக" என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தார். அப்போதுதான் எங்களுக்கு விவரம் தெரிந்தது, பட்டியலில் யார் பெயர் இருந்தாலும் எழுதியவர்தான் வருவார் என்று. தெருவே சிரித்தது. துரையை நினைத்து நானும் நன்றாகச் சிரித்தேன்.

மூன்றாவது நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது.

அந்த வரியில் இருந்த பெயர் பேராசிரியர் ஆவுடையப்பன். பூமயிலின் கைடு, எதிர்வாசலுக்குள் நடந்துபோனால் பத்து நிமிஷத்தில் அவருடைய அறை. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற குடும்பங்களைப் பற்றி அவர் எழுதி, அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்த கட்டுரை அது. கைடின் கட்டுரையை மேற்கோள் காட்டாமல் எந்த மாணவரும் இங்கே ஒரு பக்கம்கூட எழுத முடியாது, அது எழுதாத சட்டம். பூமயிலின் கட்டுரையோ அதன் மேலேயேதான் நின்றது, அன்றைக்கு அந்தக் குடும்பங்கள் எப்படி இருந்தன, பத்து வருஷம் கழித்து இன்றைக்கு எப்படி இருக்கின்றன என்று ஒப்பிடுகிற கட்டுரை. ஆள் அனுப்பினோம். வந்தார், வெள்ளைச் சட்டை, வாசனைப் பாக்கு, சிரித்த முகம். வரிசையில் இருந்த பெரியவர்களையெல்லாம் பார்த்துக் கும்பிட்டார், மூன்றாவது நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார், உட்காரப் போனார். இடுப்பு மடங்கவில்லை. மறுபடி முயன்றார், மடங்கவில்லை. "முதுகுப் பிடிப்பு" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

என் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பூமயில் அந்த நேரத்தில்தான் நடந்தாள். அவளாக நடந்த மாதிரித் தெரியவில்லை, கால் கூட்டிக்கொண்டு போன மாதிரி இருந்தது. வரிசையைச் சுற்றிப்போய், கைடுக்கு முன்னால் புகுந்து, மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளுக்கு முப்பத்தி நான்கு வயசு, ஆறு வருஷமாக ஆராய்ச்சி, நீட்டிப்பு மேல் நீட்டிப்பு வாங்கி அந்த வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிகிறது. அதற்குள் ஆய்விதழிலிருந்து ஏற்புக் கடிதம் வர வேண்டும், கைடு கையெழுத்துப் போட வேண்டும், இரண்டையும் சேர்த்து ஆய்வேட்டை உள்ளே கொடுக்க வேண்டும். ஒரு தனியார் கல்லூரியில் வேலை பேசி வைத்திருந்தார்கள், பட்டம் வந்தால்தான் வேலை. ஒன்று தவறினாலும் ஆறு வருஷமும் தண்ணீரில் போன உப்பு.

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்கு என்ன அர்த்தம் என்பது தெருவில் எல்லோருக்கும் அந்த நிமிஷமே தெரிந்தது. தெரிந்தும், சாயங்காலத்துக்குள் அவளுக்குக் கால் மரத்துப்போச்சு என்று ஒரு பேச்சைக் கிளப்பி, எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டோம். பேக்கரியிலிருந்து தைலம் வந்தது, பைண்டிங் கடைக்காரர் மனைவி உட்கார்ந்து உருவிவிட்டாள், உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஒருத்தி தூக்குவாளியில் கொண்டுவந்தாள். நாற்காலி அவளைக் கடையின் பின்கட்டு வரைக்கும் விட்டது, குளித்து முகம் கழுவித் திரும்புகிற வரை பொறுத்தது, சாலையைத் தாண்ட மட்டும் விடவில்லை. தாண்டப்போனால் கால் திரும்பி அவளை மூன்றாவது நாற்காலிக்கே கொண்டுவந்து சேர்த்தது. செவ்வாய் போயிற்று. நாற்பது பேரும் சொல்லிய சின்னச் சின்னத் திருத்தங்களையெல்லாம் போட்டு முடிக்கப் புதனும் போயிற்று. பூக்காரி அந்த வழியாகப் போகும்போது வரிசை முழுவதையும் ஒரு பார்வை பார்த்து, கல்யாணமா கருமாதியா என்று தெரியாமல் இரண்டுக்கும் பொதுவாகத் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். கடைக்கு வருகிறவர்கள் நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு வரப் பழகிவிட்டார்கள். ஒரு பெண் நடுத்தெருவில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மூன்றே நாளில் எங்களுக்குச் சாதாரணமாகிவிட்டது, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"அந்த வரியவே எடுத்துட்டா என்ன தங்கச்சி?" என்று புதன்கிழமை மத்தியானம் சுல்தான் பாய் கேட்டார். "வரி போனா நாக்காலியும் போயிரும். எந்திரிச்சு நடந்துரலாம்ல."

"எடுத்தா கட்டுரைல ரெண்டு அட்டவணையும் அந்தரத்துல நிக்கும் பாய். எங்க இருந்து வந்த கணக்குன்னு கேப்பாக."

"கேட்டா சமாளிக்கலாம்."

"நூத்திப் பன்னெண்டு குடும்பம் பாய். எட்டு மாசம். ஒவ்வொரு மூட்டமா ஏறி இறங்கினேன். லைப்ரரில எம்பக்கத்துல உக்காந்தவுகெல்லாம் பொகை நாத்தம்னு எந்திரிச்சுப் போனாக." அவள் குரல் உயரவேயில்லை. "வரிய எடுத்தா அந்த எட்டு மாசம் அங்க யாருமே போகலைன்னு ஆயிரும்ல."

பாய் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஆவுடையப்பன் மறுபடி வந்தார். கையில் படிவம், சட்டைப் பையில் பேனா. எனக்கு முன்னால் இருந்த முக்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். முக்காலியில் அவருக்கு இடுப்பு நன்றாகவே மடங்கியது.

"பூமயில், நீ எம்பொண்ணு மாதிரி," என்றார். "ஒத்த வரி. மூணாவது வரி எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும், மேரி இப்பவே அனுப்பட்டும். எடிட்டர் என் சிநேகிதர், நாளைக்குக் காலைல கடிதம் வந்துரும். நான் இப்பவே கையெழுத்துப் போட்டுர்றேன். நாளைக்குச் சாயங்காலம் உன் ஆய்வேடு உள்ள இருக்கும்."

"நான் எப்படி சார் எந்திரிக்கிறது?"

"பட்டம் கைக்கு வந்தா தானா எந்திரிச்சிருவ. எல்லாரும் அப்படித்தான் எந்திரிச்சோம்." அதைச் சொல்லும்போது அவருடைய சிரிப்பு கொஞ்சம் குறைந்தது, ஒரு கணம் அவரும் எந்த நாற்காலியிலோ எப்போதோ உட்கார்ந்திருந்தவர்தான் என்று எனக்குத் தோன்றியது, தோன்றியும் அவர் மேல் இரக்கம் வரவில்லை.

பூமயில் படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், சாமியானாவுக்கு அடியில் நாலு நாளாக நின்றுகொண்டிருந்த அந்தப் பெயரில்லாத பலரைப் பார்த்தாள். அவள் சரி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன், சொல்லிவிட வேண்டும் என்று ஆசையும் பட்டேன், ஏன் ஆசைப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். பதினாறாவது நாற்காலியிலிருந்து குமாஸ்தா தொண்டையைச் செருமினார்.

"தாயி, அசல் யார்கிட்டயாச்சும் இருக்கா?" என்றார். "இருந்தா இப்பப் போடச் சொல்லு. என்னுது காட்டிலாகா கச்சேரில செல்லரிச்சுப் போச்சு. நான் சொன்னா யாரும் எடுத்துக்க மாட்டாக."

அசல். பத்து வருஷத்துக்கு முந்தி அவள் எம்.ஏ. படிக்கும்போது எழுதிய ஆய்வேடு. நூலகத்தில் வைத்த பிரதி தொலைந்துவிட்டதாகப் பதிவேட்டில் இருக்கிறது, அவள் கையிலிருந்த பிரதியைப் பார்த்துத் தருகிறேன் என்று வாங்கிப்போன கைடு தரவேயில்லை. பூமயில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"மேரிக்கா, அத டைப் பண்ணினது நீங்கதான?"

"ஆமா தாயி."

"சாரோட கட்டுரையையும் நீங்கதான டைப் பண்ணினீக?"

இந்தக் கேள்விக்காக நான் எட்டு வருஷமாகக் காத்திருந்தேன் போலிருக்கிறது, அவள் கேட்டதும் பயத்துக்கு முன்னால் ஒரு நிம்மதிதான் வந்தது. "டைப் பண்ணலை," என்றேன். "டைப் பண்ண வேண்டிய வேலையே இல்ல. மொதப் பக்கம் மட்டும் மாத்தணும் மேரின்னு சார் சொன்னாக. உன் ஃபைலத்தான் தொறந்தேன். நான் கோடு போட்ட அட்டவணை, நான் சரிபண்ணின அடிக்குறிப்பு. உம்பேர அழிச்சு சார் பேரப் போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன்."

சுல்தான் பாய் அடுப்பைத் தணித்தார். ஆவுடையப்பன், "மேரி, யோசிச்சுப் பேசு, கடை இங்கதான் இருக்கு," என்றார், மிரட்டுகிற குரலில்கூட இல்லை, மழை வரும் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"அழிச்சவுக நீங்க," என்றாள் பூமயில். "நீங்களே போடுங்கக்கா."

"போட்டா அவர் கையெழுத்துப் போட மாட்டார்டி. ஆறு வருஷம் போயிரும்."

"தெரியும்க்கா."

"வேலை போயிரும்."

"போடுங்க."

நான் திரையைப் பார்த்து உட்கார்ந்தேன். மூன்றாவது வரியை எடுத்தேன். புதிதாக ஒரு வரி போட்டேன்: பூமயிலின் பெயர், பத்து வருஷத்துக்கு முந்திய அந்த வருஷம், தலைப்பு சாய்வெழுத்தில், பிறகு வெளியிடப்படாத முதுகலை ஆய்வேடு என்ற குறிப்பு. குற்றச்சாட்டு ஒன்றும் எழுதவில்லை, ஒரு பட்டியலில் குற்றச்சாட்டு எழுத இடமும் கிடையாது. ஆனால் அந்த வருஷத்தையும் அந்தத் தலைப்பையும் பார்க்கிற எவரும் இரண்டு வருஷம் கழித்து வந்த கைடின் கட்டுரையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கேட்டால் காட்ட என் கணினியில் அசல் ஃபைல் இருந்தது, தேதியோடு. பிறகு அடுக்கச் சொல்லிப் பொத்தானைத் தட்டினேன்.

அவளுடைய பெயர் ஆங்கில எழுத்து வரிசைப்படி இருபத்தெட்டாவது இடத்துக்குப் போயிற்று. நான்காம் நாற்காலியில் இருந்தவர் எழுந்து மூன்றாவதற்கு வந்தார், ஐந்தாமவர் நான்காவதற்கு வந்தார், ஜென்மப் பகையாளிகள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு நாற்காலி நகர்ந்தார்கள், குமாஸ்தா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தார், இப்படி இருபத்தைந்து பேர், உலகத்தின் எந்தெந்த மூலையிலோ எழுதிச் செத்தவர்களும் எழுதிச் சாகாதவர்களும், எங்கள் தெருவில் கரிமூட்டங்களில் கணக்கெடுத்த ஒரு பெண்ணுக்காக எழுந்து நின்று இடம் ஒதுக்கி உட்கார்ந்தார்கள். இருபத்தெட்டாவது நாற்காலி காலியானது. பூமயில் எழுந்தாள். அந்த நாற்காலியின் முதுகை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள், உட்காரவில்லை. கையிலிருந்த படிவத்தை, கைடு எழுந்துவிட்ட முக்காலியில் வைத்தாள். ஆவுடையப்பன் பேனாவைப் பைக்குள் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், எதிர்வாசலுக்குள் போனார்.

"அனுப்புங்கக்கா," என்று சொல்லிவிட்டு அவள் சாலையைத் தாண்டினாள். கால் திரும்பவில்லை. நிறுத்தத்தில் நின்று முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள், நான் கடையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுரையை அனுப்பினேன். ஆய்விதழிலிருந்து ஏற்புக் கடிதம் வெள்ளிக்கிழமை வரவில்லை, மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது, கூடவே அந்த அசல் ஃபைலையும் கேட்டிருந்தார்கள், அதையும் அனுப்பினேன். கடிதம் வந்த அன்று வரிசையில் இருந்தவர்கள் எழுந்து பஸ் ஏறிப் போனார்கள், நின்றவர்கள் கடைசிப் பஸ்ஸில் நின்றபடியே போனார்கள். குமாஸ்தாவால் மட்டும் போக முடியவில்லை, அவருடைய வரியில் இன்னும் துரையின் பெயர்தான் இருந்தது. அவர் இன்றைக்கும் என் கடை வாசலில்தான் இருக்கிறார், பாய் வேளாவேளைக்கு டீ கொடுக்கிறார், பேப்பர் வாங்கி வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பூமயிலின் பதிவு ரத்தானதாகப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது. கல்லூரியில் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். ஆவுடையப்பனை விசாரிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள், அந்தக் குழுவில் இருக்கிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், அவர்களுடைய ஃபைலும் என்னிடம் இருக்கிறது.

அந்த வியாழக்கிழமை கட்டுரையை அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தலாம் என்று எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. கணினிக்கு முன்னால் இருக்கிற சக்கரம் வைத்த நாற்காலி, பதினெட்டு வருஷமாக நான் உட்காருகிற நாற்காலி, பின்கட்டு வரைக்கும் விட்டது, வாசல்படி தாண்ட விடவில்லை. தெருவில் எனக்குக் கால் மரத்துப்போச்சு என்று பேசிக்கொள்கிறார்கள், தைலமும் உளுந்தங்களியும் வருகின்றன. நான் பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பெயரை எந்தப் பெயரால் மூடினேன் என்று சிலது நினைவிருக்கிறது, பலது நினைவில்லை. நினைவிருக்கிறவர்களின் முகவரியைத் தேடிப்பிடித்து ஒவ்வொருவருக்கும் அவர்களுடைய அசலை அனுப்பிவைக்கிறேன். அனுப்புகிற அன்று கால் கொஞ்சம் இலேசாகிற மாதிரி இருக்கும், மறுநாள் பழையபடி ஆகிவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது, ஒளிப்பானேன்.

போன வாரம் பூமயில் போன் பண்ணினாள். ஒரு தொண்டு நிறுவனத்துக்காக மறுபடி கரிமூட்டங்களில் கணக்கெடுக்கிறாளாம். அடுத்த வருஷம் வேறொரு பல்கலைக்கழகத்தில், முதலிலிருந்து பதிவு செய்யப்போகிறாளாம்.

"எந்திரிச்சாச்சாக்கா?"

"இல்ல தாயி. அம்பத்தாறு பேருக்கு அனுப்பிட்டேன். இன்னும் எத்தனைன்னு தெரியல."

பரவாயில்லை என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வராதா என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டு இருந்தேன். மூட்டம் உடைக்கிற சத்தமும் யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன.

"தேடுங்கக்கா," என்றாள். "நான் போகணும், பஸ் வந்துருச்சு."